முந்தி நிற்கும் கண்

“தெரியுதா?” என்று கேட்டேன்.

“தெரியுதுங்க” என்றாள் அங்கம்மாள்.

தொலைநோக்கியில் வலது கண்ணை வைத்து, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்து நின்றாள். எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மத்தியானச் சோறு கொண்டுவந்த தூக்குவாளி பக்கத்துக் கல்லின் மேல் இருந்தது. காலையிலிருந்து அடைத்துக் கிடந்த பனி அப்போதுதான் விலகி, ஈரப் புல்லில் வெயில் விழுந்திருந்தது.

“என்ன தெரியுது, சொல்லு பாப்போம்.”

“பெரியகுளம் தெரியுது. கண்மாய் தெரியுது. அங்கிட்டு வெள்ளையா ஒரு கோடு, அது வைகை டேம். ரோட்டுல பஸ்ஸு ஒண்ணு போகுது, எறும்பு கணக்கா.”

எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே குழாயின் முன்பக்கம் போனேன். அங்கே கண்ணாடியின் மேல் பித்தளை மூடி போட்டபடியே இருந்தது. பனிக்காகப் போட்டதைக் கழற்ற மறந்திருக்கிறேன்.

மூடிய குழாய்க்குள் பெரியகுளமும் தெரியாது, பஸ்ஸும் தெரியாது. கும்மிருட்டுதான் தெரியும்.

தூரத்தைக் காட்டிக் காசு வாங்கியவன்

ஏரிக்கரைக் குதிரைக்காரர்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும், நீங்கள் கோடைக்கானலில் என்னதான் வேலை பார்த்தீர்கள்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். தூரத்தில் இருப்பதைக் காட்டிக் காசு வாங்கினேன்.

கோக்கர்ஸ் வாக் நடைபாதை ஓரம், மலை சட்டென்று முடிந்து பள்ளம் ஆரம்பிக்கும் விளிம்பில் என் இடம். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விற்றுவிட்டுப் போன தொலைநோக்கியை ஓட்டல் முதலாளி ஒருவர் வாங்கி, ஒரு முக்காலியில் நிறுத்தி, அதன் பக்கத்தில் என்னை நிறுத்தினார். அன்றிலிருந்து ஊரில் என் பெயரை யாரும் சொல்லவில்லை. குழாய்க்காரர் என்றால்தான் தெரியும்.

பனி விலகினால் மூடியைக் கழற்ற வேண்டும், பனி வந்தால் மூட வேண்டும். இடைப்பட்ட நேரமெல்லாம் கத்த வேண்டும். “வாங்கய்யா, வாங்கம்மா! பெரியகுளம் பாருங்க, கண்மாய் பாருங்க, அங்கிட்டு வெள்ளையா ஒரு கோடு, அதுதான் வைகை டேம்!” வைகை அணையைக் கட்டி முடித்த புதிது அது. அதைப் பார்க்காமல் போனால் ஜென்மம் வீண் என்பதுபோல் கத்துவேன். தொண்டை கட்டிப்போனால் முதலாளி ஓட்டலிலிருந்து சுக்குக் காப்பி அனுப்புவார். அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

தினமும் சோறு கொண்டுவந்த அங்கம்மாளுக்கு என் கூப்பாடு மனப்பாடமாகியிருந்தது. அன்று அவள் எனக்குச் சொன்னது அதைத்தான். பஸ் மட்டும் அவளுடைய சொந்தச் சரக்கு.

இடக்கண்காரர், வலக்கண்காரர்

அந்த வேலையில் நான் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தொலைநோக்கியில் ஒரு கண்ணால்தான் பார்க்க முடியும். எந்தக் கண்ணால் என்று யாருக்கும் நான் சொல்லித் தருவதில்லை. ஆனாலும் ஒருத்தர்கூட யோசித்து நின்றதில்லை. குனியும்போதே ஒரு கண் முந்திக்கொண்டு போய்க் குழாயில் உட்கார்ந்துவிடும். முக்கால்வாசிப் பேருக்கு வலது கண், மற்றவர்களுக்கு இடது கண். நேற்று வலது கண்ணால் பார்த்தவர் நாளைக்கு வந்தாலும் வலது கண்ணால்தான் பார்ப்பார். சோற்றுக்கை வேறு, கண் வேறு என்பதும் தெரிந்தது. வலது கையால் எழுதுகிற எத்தனையோ வாத்தியார்கள் இடது கண்ணைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

பிறகு பிறகு, ஆள் நடந்து வரும்போதே எனக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. தலையைச் சற்றே ஒரு பக்கம் திருப்பி, முந்துகிற கண்ணை முன்னே கொடுத்துக்கொண்டு வருவார்கள். “நீங்க இடக்கண்காரர்தானே?” என்று கேட்டு, மிரண்டு நின்றவர்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். பொழுது போக வேண்டாமா?

அங்கம்மாள் இடக்கண்காரி. அதுவும் சாதாரண இடக்கண்காரி அல்ல. யார் கூப்பிட்டாலும் முகத்தையே முழுசாக வலப்பக்கம் திருப்பி இடது கண்ணால் பார்ப்பாள். அதில் எனக்கு ஒரு மயக்கமே இருந்தது. வெட்கத்தில் திரும்புகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு விளையாட்டாகத்தான், “எப்பவும் அந்தக் கண்ணாலயே பாக்குறியே, இன்னிக்கு வலது கண்ணால பாரு” என்றேன். அவள் முகம் ஒரு கணம் வாடியதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூடியைப் பார்த்த பிறகு எல்லாம் புரிந்தது. தெரிகிற கண்ணாக இருந்தால் இருட்டாக இருக்கிறது என்று சொல்லியிருப்பாள்; அவளுக்கு அந்த வலது கண் தெரியாது. காப்பி ஊற்றும்போது செம்பின் விளிம்பை டம்ளரில் முட்டக் கொடுத்துவிட்டுத்தான் சாய்ப்பாள். கதவு நிலையில் வலது தோள் இடித்துக்கொண்டே இருக்கும். படி இறங்கும்போது முதல் படியைக் காலால் தடவிப் பார்ப்பாள். மேல்மலையில் போளூர் கிராமத்துக்காரி, மண் வீட்டில் வளர்ந்தவள், டவுன் வீடு பழகவில்லை என்று நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஆனால் அவள் நிமிர்ந்து, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகம். அவ்வளவு பயத்தோடு ஒரு மனுஷி என் முகத்தைப் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

“கரெக்டாச் சொல்லிட்டியே!” என்றேன். அவள் தூக்குவாளியைத் திறக்கத் திரும்பியபோது, சத்தமில்லாமல் மூடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சீசனுக்கு வந்த டாக்டர்

அந்த மே மாதம் மதராஸிலிருந்து ஒரு கண் டாக்டர் குடும்பத்தோடு வந்தார். என் இடக்கண், வலக்கண் ஆராய்ச்சியைச் சொன்னதும் குஷியாகிவிட்டார்.

“கரெக்ட்ப்பா. ரெண்டு கண்ணும் பாக்கும். ஆனா குறி பாக்குறதுன்னு வந்தா மூளை ஒரு கண்ணைத்தான் முதல்ல கேக்கும்” என்றார். அதற்கு ஒரு சோதனையும் காட்டினார். இரண்டு கைகளையும் நீட்டிச் சேர்த்து, விரல்களுக்கு நடுவில் சின்ன வளையம் விட வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்து, தூரத்துப் பாறை ஒன்றை அந்த வளையத்துக்குள் கொண்டுவர வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். ஒரு கண்ணை மூடினால் பாறை அப்படியே இருக்கும். இன்னொன்றை மூடினால் பாறை வளையத்தை விட்டு ஓடிப்போகும். எதை மூடும்போது ஓடுகிறதோ அதுதான் முந்தி நிற்கும் கண். செய்து பார்த்தேன். எனக்கு வலது.

மெல்லக் கேட்டேன். “எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு ஒரு கண்ணு பாக்க நல்லா இருக்கு, ஆனா தெரியலைங்க.”

“சின்ன வயசுல ஒரு கண் ரொம்ப முந்திக்கிட்டா, மூளை இன்னொண்ணைக் கேக்கறதையே விட்டுடும். கண் மேல குத்தமே இருக்காது. குழந்தையிலேயே நல்ல கண்ணைக் கட்டிவச்சுப் பழக்கியிருந்தா வந்திருக்கும். இனிமே கஷ்டம்” என்றார். “பரவாயில்லை, ஒரு கண்ணை வச்சே ஜம்முனு வாழலாம்.”

அந்தக் கடைசி வார்த்தைக்காக அவருடைய பிள்ளைகளுக்கு இன்னொரு முறை இலவசமாகக் காட்டினேன். முதலாளிக்குத் தெரியாது.

அடிவாரத்துக் கடை

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பழனி அடிவாரத்தில் எங்களுக்குச் சின்னப் பூசைச் சாமான் கடை. அப்பா போன பிறகு அம்மாதான் நடத்தினாள். தேங்காய், கற்பூரம், விபூதி எல்லாம் உண்டு என்றாலும் அம்மாவின் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கண்மலர். கண் நோவு தீர வேண்டிக்கொண்டவர்கள் சாமிக்குச் செலுத்துகிற, வெள்ளித் தகட்டில் அடித்த கண்கள். வாங்குகிறவர்கள் கடையிலேயே அதை எடுத்துத் தங்கள் கண்ணில் ஒற்றிப் பார்ப்பார்கள். விலை படியவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அம்மா அதை முந்தானையில் துடைத்து மறுபடியும் தட்டில் வைப்பாள்.

வருஷக்கணக்காகக் கண் நோவுக்காரர்களையே பார்த்துப் பார்த்து, அம்மாவுக்கு உலகத்தில் இரண்டே வகைக் கண்கள்தான் என்றாகிவிட்டது. ஒன்று நல்ல கண், மற்றது போகப்போகிற கண்.

அப்படிப்பட்டவள் சீசன் முடிந்து கூட்டம் குறைந்ததும் எங்கள் குடித்தனத்தைப் பார்க்க வந்தாள். வத்தலக்குண்டில் பஸ் மாறி, மலை வளைவு முழுக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

வந்த மறுநாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஏலே, ஒம் பொண்டாட்டிக்குக் கண்ணுல என்னமோ இருக்கு.”

“ஒண்ணுமில்லம்மா.”

“எங்கிட்டயா சொல்ற? சொம்ப டம்ளர்ல முட்டிக்கிட்டு ஊத்துறா. நான் வலப்பக்கமா நின்னா நிக்கிறதே தெரியல. போளூர்க்காரங்க மறைச்சுக் கட்டி வச்சிருந்தாங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். கொண்டுபோயி அவங்க அப்பன் வீட்டுல விட்டுட்டு வந்துருவேன். நாளைக்கு ஒன் கொழாய்கிட்ட கூட்டிட்டு வா. ரெண்டு கண்ணாலயும் மாத்தி மாத்திப் பாக்கட்டும். நானும் பாக்குறேன்.”

அம்மா பொல்லாதவள் அல்ல. ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் வந்துவிட்டால்தான் அவளைப் பிடிக்க முடியாது. சொன்னால் செய்வாள். அங்கம்மாள் அடுப்படியில் இருந்தாள். சுவர் பலகைச் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

கை வளையம்

மறுநாள் காலை மூன்று பேரும் விளிம்புக்குப் போனோம். வழி முழுக்க அங்கம்மாளின் விரல்கள் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தன.

ராத்திரி படுத்தபடியே ஒரு யோசனை செய்திருந்தேன். எல்லாருக்கும் ஒரு கண்தான் முந்தி நிற்கிறது என்று அம்மாவுக்கே காட்டிவிட்டால், அங்கம்மாள் மட்டும் தனி இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? என்னைவிடப் புத்திசாலி இந்த மலையில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

“அம்மா, முதல்ல நீ பாரு” என்று கைகளைச் சேர்த்து வளையம் பிடிக்கச் சொன்னேன். எதிரே ஒற்றைப் பாறை ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. அதை வளையத்துக்குள் கொண்டுவந்தாள்.

“வலது கண்ண மூடு. பாறை இருக்கா?”

“இருக்கு.”

“இப்ப அதத் தொறந்துட்டு இடது கண்ண மூடு.”

அம்மா மூடினாள். மறுபடி திறந்து, மறுபடி மூடினாள்.

“ஏலே, பாறையக் காணோம்டா.”

“அதுதாம்மா...” என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு வலது கண்ணு போயிருச்சுடா! ஊர்பட்ட கண்ணு நோவையெல்லாம் இந்தக் கையால வாங்கி வச்சேனே. அவங்க ஒத்திப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்ததையெல்லாம் முந்தானையில தொடச்சேனே. அது அம்புட்டும் என்னையே வந்து புடிச்சுக்கிச்சு. முருகா!”

நான் விளக்கினேன். மதராஸ் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பாறைதான் வளையத்தை விட்டு விலகியது, கண் போகவில்லை என்று படித்துப் படித்துச் சொன்னேன். தாயைத் தேற்றப் பிள்ளை பொய் சொல்கிறான் என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள். நோவுள்ள கண்ணில் வெளிச்சம் படக் கூடாது என்று முந்தானையால் பொத்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டித் துணியைக் கிழித்து அந்தக் கண்ணைக் கட்டினாள். கட்டிய கண்ணில் எப்படித் தெரியும்? தெரியவில்லை, தெரியவில்லை என்று அழுதாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அங்கம்மாளின் கண்ணை அம்மா மறந்தேபோனாள். மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போய், மலையேறி, சாமி காலில் விழ வேண்டும் என்பதுதான் ஒரே பேச்சு. அவளை ஏற்றி அனுப்பிவிட்டால் இந்த விஷயம் இதோடு அமுங்கிவிடும்.

ஆனால் அம்மா சோறு வேண்டாம் என்றாள். பையில் சேலையை மடித்து வைத்தவள், வைத்த கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, “கடையில கற்பூரத்துக்கும் விபூதிக்கும் வெலச்சீட்டு ஒட்டக் கண்ணு வேணுமே. இனி யாரு எனக்குப் பாப்பா?” என்று சின்னக் குரலில் சொன்னாள். எப்போதும் அதட்டியே பேசிய குரல் அது.

அடுப்படியிலிருந்து

அங்கம்மாள் அடுப்படியிலிருந்து வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள். குழம்புக்கு உரித்துக்கொண்டிருந்த பூண்டு கையிலேயே இருந்தது.

“அத்தை, அந்தக் கட்ட அவுருங்க.”

“வேணாம்த்தா, வெளிச்சம் படக் கூடாது.”

“எனக்காக ஒரு தடவை அத்தை.”

அவளே முடிச்சை அவிழ்த்தாள். அம்மாவின் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மெல்லப் பொத்தினாள்.

“இப்பச் சொல்லுங்க, என் கையில என்ன இருக்கு?”

அம்மா கண்ணைச் சிமிட்டினாள். “பூண்டு” என்றாள். பிறகு, “ஊதாத் தோலு. ஒங்க ஊருப் பூண்டு” என்றாள். தான் சொன்னதைத் தானே நம்பாமல், அங்கம்மாளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஒங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல அத்தை. அவுக சொன்னது நெசந்தான்.”

அத்தோடு அவள் எழுந்து போயிருக்கலாம். போக மாட்டாளா என்று நான் தவித்தேன். அவள் பூண்டை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

“இப்ப நீங்க எதையாச்சும் காட்டுங்க.”

அம்மா பூண்டையே நீட்டினாள்.

“என்னமோ மங்கலா ஆடுது அத்தை. கையா, கொப்பா, ஒண்ணும் வெளங்கல. வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து இந்தக் கண்ணுக்கு இம்புட்டுத்தான். சொன்னா யாரு கட்டுவான்னு வீட்டுல வாயப் பொத்திட்டாங்க. நீங்க இல்லாத நோவுக்கு அழுகுறதப் பாத்துக்கிட்டு, இருக்குறவ நான் வாயத் தொறக்காம இருந்தா நல்லாருக்காதுல்ல.” கையை எடுத்தாள். “போளூருக்குப் போகணும்னா போறேன் அத்தை. இவுக மேல கோவிக்காதீங்க. இவுகளுக்கு ஒண்ணும் தெரியாது.”

“தெரியும்” என்றேன் நான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“அன்னிக்கு நீ பெரியகுளம், டேம், பஸ்ஸெல்லாம் பாத்தியே. கொழாய்க்கு மூடி போட்டிருந்துச்சு.”

அங்கம்மாள் என்னையே பார்த்தாள். இத்தனை மாதமாகச் சுமந்ததை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவள்போல் இருந்தாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள். “பஸ்ஸுகூடச் சொன்னேனே!” என்றாள்.

நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவிழ்த்த துணியை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். அம்மா எது சொன்னாலும் அங்கம்மாளை அனுப்புவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். ஆனால் அம்மாவின் வாயிலிருந்து அந்த வார்த்தை ஒரு தடவை வந்துவிட்டால், அதற்கப்புறம் அங்கம்மாளால் இந்த வீட்டில் நிம்மதியாகக் காப்பிகூட ஊற்ற முடியாது.

“எந்தக் கண்ணும்மா நல்லாத் தெரியும்?” என்று கேட்டாள் அம்மா.

“இடது, அத்தை.”

அம்மா தரையில் கையை ஊன்றி எழுந்தாள். அங்கம்மாளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். அவளுக்கு இடப்பக்கமாக, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள்.

“வந்ததுலேருந்து வலப்பக்கமாவே உக்காந்து பேசிட்டிருக்கேன். திரும்பித் திரும்பி ஒனக்குக் கழுத்து வலிச்சிருக்கும்” என்றாள். “மிச்சப் பூண்ட எடுத்துட்டு வாத்தா, ரெண்டு பேருமா உரிப்போம்.”